பொதுவென்றால் பாழாகுமா?

"எல்லாருக்கும் சொந்தம் என்றால் யாருக்கும் அக்கறை இருக்காது." மேய்ச்சல் புறம்போக்கைக் கம்பெனிக்குக் குத்தகை விடச் சொல்கிறவர்களும், ஏரியை ஊரார் கையில் கொடுக்கவே கூடாது என்கிறவர்களும் முதலில் எடுத்து வீசும் வாக்கியம் இது. பொருளாதாரம் படித்த பிள்ளைகளும் இதை ஒப்பிக்கிறார்கள். இது பொய் என்பதே என் வாதம்.

இந்த நம்பிக்கைக்கு அறிவியல் முத்திரை குத்தியது, 1968இல் 'சயின்ஸ்' இதழில் வந்த காரெட் ஹார்டினின் கட்டுரை. ஹார்டின் உயிரியலாளர். எந்த ஊரையும் போய்ப் பார்த்து அவர் அதை எழுதவில்லை; ஒரு மேய்ச்சல் நிலத்தைக் கற்பனை செய்தார். ஆளாளுக்கு இன்னொரு மாடு, இன்னொரு மாடு என்று ஓட்டிவருவார்கள், புல் அழியும் என்றார். அந்த நிலத்தில் மாடு மேய்ப்பவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதே இல்லை! உலகத்தில் எந்தக் கிராமம் அப்படி இருக்கிறது?

ஆய்வாளர் எலினோர் ஆஸ்ட்ரம் உண்மையான ஊர்களின் கதையைத் திரட்டினார். 1990இல் வந்த அவருடைய நூலில் டோர்பெல் என்ற சுவிஸ் மலைக்கிராமம் வருகிறது. அங்கே 1517லேயே விதி இருந்தது: குளிர்காலம் முழுக்கத் தன்னால் எத்தனை மாடுகளுக்குத் தீனி போட முடியுமோ, அத்தனையைத்தான் ஒருவர் கோடையில் பொதுப் புல்வெளிக்கு அனுப்பலாம். மீறினால் அபராதம். அதை வசூலிக்கும் ஊர் அலுவலர் பாதியைத் தானே வைத்துக்கொள்ளலாம்; அப்புறம் அவர் கண்ணயர்வாரா? ஸ்பெயினின் வலென்சியாவில் வாய்க்கால் தகராறுகளை, விவசாயிகளே தேர்ந்தெடுத்த நீதிமன்றம் இன்றும் வியாழக்கிழமைகளில் தேவாலய வாசலில் கூடித் தீர்க்கிறது. தனியார் முதலாளியும் இல்லை, அரசு அதிகாரியும் இல்லை. சந்தை, அரசு என்ற இரண்டை விட்டால் வேறு வழியே தெரியாத பொருளாதாரத்துக்கு இது பெரிய அடி. ஆஸ்ட்ரமுக்கு 2009இல் பொருளாதார நோபல் கிடைத்தது. ஹார்டினே 1998இல் அதே 'சயின்ஸ்' இதழில், தான் சொன்னது நிர்வாகமில்லாத பொதுநிலத்துக்குத்தான் பொருந்தும் என்று ஒப்புக்கொண்டார். பாடம் நடத்துகிறவர்கள் அதைச் சொல்வதில்லை.

நம் ஏரிகளுக்கும் நிர்வாகம் இருந்தது. மடையைத் திறந்து, கடைமடை வரை முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்ச நீர்க்கட்டி இருந்தார். அறுவடையில் அவருக்கு நெல் அளந்தார்கள். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் பொதுப்பணித் துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம் என்று அரசு பங்கு பிரித்தபோது, விதி வகுக்கும் உரிமை ஊராரிடம் இல்லாமல் போனது. உரிமையைப் பறித்துக்கொண்டு, "பார், ஊராருக்கு அக்கறை இல்லை" என்பது அநியாயம்.

பழைய ஏற்பாட்டை அப்படியே கொண்டுவரச் சொல்லவில்லை. பல ஊர்களில் மடை காத்தவர் ஒடுக்கப்பட்ட சாதிக்காரர். தண்ணீரில் அவருக்குச் சம உரிமை இல்லை. அந்தக் கொடுமை திரும்பக் கூடாது.

உங்கள் ஊர்ப் பொதுநிலத்தைக் கைமாற்றும் தீர்மானம் கிராம சபைக்கு வந்தால் எழுந்து எதிர்ப்பைப் பதிவு செய்யுங்கள். நிலமற்றவர்களும் பெண்களும் சம வாக்கோடு உட்காரும் குழுவிடம் அதன் பொறுப்பையும் அபராதம் போடும் அதிகாரத்தையும் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.