வாசல் பூட்டு யார் கையில்?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லாரையும் படுத்துவது பாஸ்வேர்ட்தான். விண்டோஸுக்கு ஒன்று, இமெயிலுக்கு ஒன்று, பேங்குக்கு ஒன்று. ஒரு வீட்டிலேயே இப்படி என்றால், சில ஆயிரம் மாணவர்கள் படிக்கும் கல்லூரியில் எப்படி இருக்கும்? லைப்ரரி, மதிப்பெண், கட்டணம், இமெயில் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி யூசர் நேம் கொடுத்தால் சமாளிக்க முடியுமா?

இதற்காக வந்ததுதான் அக்சஸ் மேனேஜ்மெண்ட் சாப்ட்வேர். திருச்சி, ஸ்ரீரங்கம் வாசகர்களுக்கு இதை விளக்குவது எளிது. அரங்கநாதர் கோயிலில் ஏழு பிராகாரங்கள் உள்ளன. வெளிப் பிராகாரங்களில் வீடுகளும் கடைகளும் இருக்கின்றன. யாரும் போய் வரலாம். உள்ளே செல்லச் செல்லக் கட்டுப்பாடு கூடும். கருவறைக்குள் அர்ச்சகர்கள் மட்டுமே செல்லலாம். வந்தவர் யார் என்று பார்ப்பது ஒரு வேலை. அவர் எதுவரை போகலாம் என்று முடிவு செய்வது இன்னொரு வேலை. இந்த இரண்டையும் அக்சஸ் மேனேஜ்மெண்ட் சாப்ட்வேர் செய்கிறது. ஒருமுறை பாஸ்வேர்ட் கொடுத்தால் போதும்; உங்களுக்கு அனுமதி உள்ள எல்லா வாசல்களும் திறக்கும்.

பூட்டுக்கு வயதாகிறது

பெரிய நிறுவனங்கள் பல, இருபது ஆண்டுகளுக்கு முன் விலை கொடுத்து வாங்கிய சாப்ட்வேரையே இதற்கு இன்னும் நம்பியிருக்கின்றன. புகழ் பெற்ற சைட்மைண்டரை எடுத்துக் கொள்வோம். நெடிக்ரிட்டி நிறுவனம் உருவாக்கிய இது, 2004ல் சி.ஏ. நிறுவனத்திடம் போனது. 2018ல் அந்த சி.ஏ.வையே பிராட்காம் வாங்கிவிட்டது. வீட்டுக்குப் பூட்டு வாங்கினோம். கடைக்காரர் இரண்டு முறை மாறிவிட்டார். லைசன்ஸ் கட்டணம் எவ்வளவு, எந்தப் பதிப்பு வரை சரி செய்து தருவது என்பதையெல்லாம் புதியவர்தான் சொல்வார். நமக்கு அதில் பேச்சே இல்லை.

ஓப்பன் சோர்ஸ் இங்குதான் உதவுகிறது. அது இலவசம் என்று மட்டும் எண்ண வேண்டாம். புரோகிராம் எழுதப்பட்ட வரிகளை, அதாவது சோர்ஸ் கோடை, யாரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் தரலாம். "அப்படியானால் திருடனும் படிப்பானே?" என்று கேட்பீர்கள். பூட்டு எப்படிச் செய்யப்பட்டது என்பதுதான் அதில் இருக்கும். உங்கள் சாவி அதில் இருக்காது.

ஒரு சாப்ட்வேரின் கதை

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் தன் அக்சஸ் மேனேஜரின் சோர்ஸ் கோடை ஓப்பன் எஸ்.எஸ்.ஓ. என்ற பெயரில் எல்லாருக்கும் திறந்து வைத்தது. 2010ல் ஆரக்கிள், சன் நிறுவனத்தை வாங்கியது. ஆரக்கிளிடம் இதே வேலைக்கு வேறு சாப்ட்வேர் இருந்ததால் ஓப்பன் எஸ்.எஸ்.ஓ. ஓரங்கட்டப்பட்டது. சன்னில் பணியாற்றிய சிலர் அதே ஆண்டு நார்வேயில் போர்ஜ்ராக் நிறுவனத்தைத் தொடங்கி, அந்தக் கோடை ஓப்பன் ஏ.எம். என்ற பெயரில் வளர்த்தனர். 2016ல் போர்ஜ்ராக்கும் புதிய பதிப்புகளின் கோடை மூடிக் கொண்டது. ஆனால் ஏற்கெனவே திறந்து விட்டதைத் திரும்ப வாங்க முடியாதே! அதை வைத்துக் கொண்டு ரென் செக்யூரிட்டி, ஓப்பன் ஐடென்டிட்டி பிளாட்பார்ம் என்ற குழுக்கள் வேலையைத் தொடர்ந்தன. இரண்டு நிறுவனங்கள் கைவிட்ட பின்னும் ஒரு பூட்டைப் பழுது பார்க்க முடிந்தது என்றால், அதற்கு அந்த லைசன்ஸ்தான் காரணம்.

அதற்காக ஓப்பன் சோர்ஸில் ஓட்டையே இருக்காது என்று சொல்லவில்லை. 2021ல் ஓப்பன் ஏ.எம். சாப்ட்வேரில், பாஸ்வேர்ட் இல்லாமலே சர்வரைக் கைப்பற்றும் அளவுக்குப் பெரிய ஓட்டை தெரிய வந்தது. சன் காலத்துப் பழைய பகுதியில்தான் அது இருந்தது. ஆரக்கிளின் அக்சஸ் மேனேஜரிலும் அதே அளவு ஆபத்தான ஓட்டை இருந்து, 2022 ஜனவரியில் அடைக்கப்பட்டது. இரண்டு வகையிலும் ஓட்டை வரும். அடைப்பதற்கு ஒரே நிறுவனத்தின் தயவு வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் வேறுபாடு.

நம் ஊருக்கு என்ன?

காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம், பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் சேரக்கூடிய இன்பெட் என்ற அமைப்பை நடத்துகிறது. அதற்கு அடிப்படை, ஷிபோலெத் என்ற ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேர். இதில் சேர்ந்த கல்லூரி மாணவி, ஸ்ரீரங்கத்தில் தன் வீட்டில் இருந்தபடியே ஆய்விதழ்களைப் படிக்கலாம். பதிப்பாளரின் தளம் அவரைக் கல்லூரியின் லாகின் பக்கத்துக்கு அனுப்பும். கல்லூரி, "ஆம், எங்கள் மாணவிதான்" என்று சொல்லும், கதவு திறக்கும். அவருடைய பாஸ்வேர்ட் பதிப்பாளர் கைக்குப் போவதே இல்லை.

வேறு வழிகளும் உண்டு. ரெட் ஹேட் நிறுவனத்தில் உருவாகி 2014ல் வெளியான கீகிளோக், 2023 முதல் சி.என்.சி.எப். என்ற பொது அமைப்பின் கீழ் இருக்கிறது. 2005ல் தொடங்கிய இலங்கை நிறுவனமான டபிள்யூ.எஸ்.ஓ.2, ஐடென்டிட்டி சர்வர் என்ற ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேரைத் தருகிறது. அரசுத் துறைகளில் ஓப்பன் சோர்ஸுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று 2015லேயே மத்திய அரசு கொள்கை வகுத்திருக்கிறது.

"ஏதாவது ஆனால் யாரைக் கேட்பது?" என்று நிர்வாகங்கள் தயங்குகின்றன. நியாயமான கேள்விதான். லைசன்ஸ் பணம் மிச்சம் என்று மகிழ்ந்து, கவனிக்க ஆளே போடாவிட்டால் ஓப்பன் சோர்ஸும் துருப்பிடித்துப் போகும். மிச்சமாகும் பணத்தில் ஒரு நிரந்தர ஊழியரை நியமியுங்கள். அவரிடம் மாணவர்களைப் பயிற்சிக்கு அனுப்புங்கள். தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் படித்தவர்கள் உள்ள திருச்சியில் ஆளுக்கா பஞ்சம்?

எங்கோ ஒரு சர்வரில் நடப்பது நமக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். பரீட்சைக்கு முதல் நாள் லாகின் வேலை செய்யாவிட்டால் ஹால் டிக்கெட் எடுக்க முடியாமல் தவிப்பது உங்கள் பிள்ளைதான். பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள்: நம் கல்லூரியின் லாகினுக்கு எந்தச் சாப்ட்வேர்? அதற்கு அப்டேட் இன்னும் வருகிறதா?

வீட்டிலும் இதைத் தொடங்கலாம். பாஸ்வேர்ட்களை நோட்டுப் புத்தகத்தில் எழுதுவதை விட்டு, கீபாஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் புரோகிராமில் வைத்துப் பாருங்கள். எல்லாம் பூட்டிய ஒரே பைலாக உங்கள் ஹார்டு டிஸ்க்கிலேயே இருக்கும். அந்தப் பைலுக்கு ஒரு காப்பி பென் டிரைவில் எடுத்து வைக்க மறக்காதீர்கள். அதைத் திறக்கும் ஒரு பாஸ்வேர்டை மட்டும் மனதில் வைத்துக் கொண்டால் போதும்.