காலையில் ‘கீச்’ என்று கத்தும் கார்

பழவேற்காட்டில் விடியற்காலையில் சத்தத்துக்குப் பஞ்சம் இருக்காது. படகு இன்ஜின், ஏலக் கூச்சல், ஐஸ் உடைக்கும் சத்தம். இவற்றையும் மீறி ஒரு சத்தம் காதைக் குத்தும். மீன் கூடை ஏற்றப்போகும் பழைய ஓம்னியை ஸ்டார்ட் செய்ததும் ‘கீ...ச்’ என்று ஒரு நீண்ட அலறல். இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். அடங்கிவிடுகிறதே என்றுதான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

கத்துவது பேன் பெல்ட். பெயர்தான் அப்படி. மாருதி 800-ல் ரேடியேட்டர் விசிறி கரண்டில் ஓடுவது. பெல்ட் சுற்றுவது ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்ப்பையும். அதனால் பெல்ட் அறுந்தால் பேட்டரி சார்ஜ் ஏறாது, இன்ஜினுக்குள் தண்ணீரும் ஓடாது. பொன்னேரி சாலையில் பாதி வழியில் இன்ஜின் கொதித்து, ஹெட் கேஸ்கெட் போய், ஐஸும் உருகினால் அன்றைய வருமானத்தோடு அந்த மாத வருமானமும் போச்சு. பெல்ட்டின் விலை அதில் ஒரு சிறு துண்டுதான்.

காலையில் மட்டும் ஏன் கத்துகிறது? ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரியிலிருந்து நிறைய கரண்ட் போய்விடும். அதை ஈடுகட்ட ஆல்டர்னேட்டர் முதல் சில நிமிடங்கள் கடுமையாக உழைக்கும். சுற்றுவதற்குக் கனமாக இருக்கும். பெல்ட் தொய்வாக இருந்தால் அப்போதுதான் வழுக்கும். இரவுப் பனி ஈரமும் சேர்ந்துகொள்ளும். ஏரிக்கரையில் இன்னொரு வில்லன் உண்டு: உப்புக்காற்று. வண்டி நான்கு நாள் சும்மா நின்றாலே புல்லியின் பள்ளத்தில் துரு பிடிக்கும். துருப்பிடித்த புல்லி உப்புத்தாள் மாதிரி. புது பெல்ட்டையும் தேய்த்துத் தின்றுவிடும். பெல்ட்டை மட்டும் மாற்றி, ‘மறுபடியும் கத்துதே’ என்று கடைக்காரரைத் திட்டுவதில் பயனில்லை. மாற்றும்போதே பள்ளத்தைக் கம்பி பிரஷால் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

எங்கிருந்து சத்தம் வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு சின்ன சோதனை. தண்ணீர் பாட்டில் மூடியில் ஒரு ஓட்டை போடுங்கள். இன்ஜின் ஓடும்போது, எட்ட நின்று, பெல்ட்டின் உள்பக்கம் கொஞ்சம் பீய்ச்சுங்கள். சத்தம் கூடினால் பெல்ட் தொய்வு, வழுக்குகிறது. சத்தம் சட்டென்று நின்று, ஈரம் காய்ந்ததும் ‘கிச் கிச்’ என்று திரும்பினால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. தண்ணீருக்கு அசையாமல் ‘கர்ர்ர்’ என்று உறுமிக்கொண்டே இருந்தால் அது பெல்ட்டே இல்லை, பேரிங். இன்ஜினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றி, புல்லிகளைக் கையால் சுற்றிப் பார்த்தால் எது கரகரக்கிறது, எது ஆடுகிறது என்று தெரிந்துவிடும். வாட்டர் பம்ப்பின் அடியில் தண்ணீர் வழிந்த தடம் இருந்தால் கேள்வியே வேண்டாம், பம்ப்தான்.

தண்ணீர் சோதனையின்போது மட்டும் கவனம். புடவைத் தலைப்பு, துப்பட்டா, லுங்கி, வளையல் எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. கரண்ட் விசிறி, இன்ஜின் அணைந்த பிறகும் சூட்டில் தானாகச் சுற்றும். ஓம்னியில் முன்சீட்டைத் தூக்கினால்தான் இன்ஜின், இடம் குறுகல். சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

தொய்வு பார்ப்பது சுலபம். சாவியை எடுத்துவிட்டு, இரண்டு புல்லிகளுக்கு நடுவே கட்டைவிரலால் நன்றாக அழுத்துங்கள். ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக அமுங்கினால் போதும். உங்கள் வண்டிக்கான சரியான அளவு கையேட்டில் இருக்கும். பெல்ட்டின் பக்கவாட்டு கண்ணாடி மாதிரி பளபளத்தாலோ, உள்பக்கம் வெடித்திருந்தாலோ இறுக்கிப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான். புல்லிப் பள்ளத்தின் அடிப்பகுதி மினுங்கினாலும் அப்படியே: தேய்ந்த பெல்ட் அடியில் உட்காருகிறது என்று அர்த்தம்.

சோப்பு தேய்ப்பது, மெழுகு தடவுவது, கிரீஸ் வைப்பது எல்லாம் அன்றைக்குச் சத்தத்தை அடக்கும். எண்ணெய் பட்ட ரப்பர் ஊறிப்போய் இன்னும் வழுக்கும். ‘கத்தாமல் இருக்கட்டும்’ என்று கம்பி போல் இறுக்குவது அதைவிட மோசம்; ஆல்டர்னேட்டர் பேரிங்கும் பம்ப் பேரிங்கும் சீக்கிரம் போய்விடும்.

மாருதி 800 தயாரிப்பு 2014-லும், ஓம்னி 2019-லும் நின்றுவிட்டன. இருந்தாலும் பெல்ட் எளிதாகக் கிடைக்கிறது. புதிது ஒன்றும், அதைப் போடத் தேவையான ஸ்பேனர்களும் சீட்டுக்கு அடியில் இருக்கட்டும். ஓட்டும்போது ‘கீச்’ சத்தம் திடீரென நின்று, மீட்டரில் சிவப்பு பேட்டரி விளக்கு எரிந்தால் பெல்ட் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். ‘இன்னும் கொஞ்ச தூரம்தானே’ என்று ஓட்டாமல், பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டி உடனே இன்ஜினை அணையுங்கள். சூடு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள்.