கம்பாக்ஸ் வாங்கிய மிளகு

அக்கா மகன் மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கிறான். 350 சிசியைத் தாண்டிய பெரிய வண்டி. பல வருடமாகச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, யாரிடமும் கைநீட்டாமல் வாங்கியது. சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்கிய கையோடு வீட்டுக் கூடத்தில் பஞ்சாயத்து தொடங்கிவிட்டது. “வரியே நாற்பது பர்சென்ட்டாம். பான் மசாலாவுக்குப் போடுற வரியைக் கட்டி எவனாவது வண்டி வாங்குவானா?” என்றார் சித்தப்பா. “அந்தக் காசுக்கு நகை எடுத்துப் போட்டிருந்தா நாலு பேர் பார்க்கவாவது செய்வாங்க” என்றார் அத்தை. பையன் முகம் சுருங்கிப்போனது. எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

2025 செப்டம்பர் 22ஆம் தேதி ஜிஎஸ்டியை மாற்றியமைத்தபோது பெரும்பாலான பொருள்களை 5, 18 என்ற இரண்டு அடுக்குகளுக்குள் கொண்டுவந்து, அதற்கு மேலே 40 சதவீதம் என்று ஒன்றை வைத்தார்கள். பான் மசாலா அதில் இருக்கிறது, காஸ் அடைத்த குளிர்பானம் இருக்கிறது. பெரிய கார், பெரிய மோட்டார் சைக்கிள், உல்லாசப் படகு, சொந்த விமானம் எல்லாமும் இருக்கின்றன. வசதி உள்ளவரிடம் அரசாங்கம் கூடுதலாக வாங்கட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. உடம்பைக் கெடுப்பதும் மனசுக்குப் பிடித்ததும் ஒரே ரகம் என்று வீட்டுப் பெரியவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை.

ஆடம்பரத்துக்கு வரி போடுவது புதிதும் இல்லை. வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் ஒரு பாபிரஸ் ஏடு இருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது, 1985இல்தான் பதிப்பித்தார்கள். அதன் ஒரு பக்கத்தில், சேரர் துறைமுகமான முசிறிக்குப் போய்வரும் வணிகத்துக்காக வாங்கிய கடனுக்கு ஒப்பந்தம். வந்த சரக்கைச் செங்கடல் கரையிலிருந்து ஒட்டகத்தில் ஏற்றிப் பாலைவனம் கடந்து கொப்டோஸ் சேர்க்க வேண்டும். அங்கிருந்து நைல் நதியில் அலெக்சாண்ட்ரியா கிட்டங்கிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே நாலில் ஒரு பங்கு வரி. மறுபக்கத்தில் ஹெர்மபோலோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் கணக்கு: கங்கைக்கரைச் சடாமாஞ்சில், யானைத் தந்தம் என்று போகிறது. வரி போக மிஞ்சியதே ரோமானிய நாணயக் கணக்கில் ஏறக்குறைய 70 லட்சம் செஸ்டர்ஸ். இருபத்தைந்து சதவீதம் கட்டியும் ரோமாபுரி வாங்கிக்கொண்டே இருந்தது.

ரோம் இப்படி வாங்குவதைப் பார்த்து முன்பே வயிறெரிந்தவர் ரோமானிய எழுத்தாளர் பிளினி. நான் அலுக்காமல் புரட்டுகிற புத்தகம் அவருடைய ‘இயற்கை வரலாறு’. 37 பாகம். உலகத்தில் உள்ள செடி, கல், மீன், மருந்து ஒன்றையும் விடாமல் எழுதிவைத்த மனிதர். மிசேனத்தில் கடற்படைத் தளபதியாக இருந்தபோது, கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்ததைப் பார்க்கவும் ஆட்களை மீட்கவும் கப்பலைச் செலுத்திக்கொண்டு போய் அங்கேயே இறந்தார். அவருடைய தீராத புகார், வருடத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸை இந்தியா உறிஞ்சிக்கொண்டு போகிறது என்பது. அதிலும் மிளகுமேல் அவருக்குத் தனிக் கடுப்பு. இனிப்பும் கிடையாது, பார்க்கவும் அழகில்லை, வெறும் காரத்துக்காகவா இவ்வளவு தூரம் போய் வாங்குவது என்று கேட்கிறார்.

கேட்டுவிட்டு விலையையும் எழுதிவைத்திருக்கிறார். ரோமானிய ராத்தல் ஒன்றுக்கு, அதாவது 327 கிராம் சுமாருக்கு, கருமிளகு 4 தெனாரி, வெள்ளை மிளகு 7, திப்பிலி 15. அன்று ஒரு லெஜியன் படைவீரனின் வருடச் சம்பளம் 225 தெனாரி. கணக்குப் போட்டால் ஒரு ராத்தல் கருமிளகுக்கு ஆறேழு நாள் சம்பளம் போய்விடும். ரோம் நகரில் மிளகுக்கென்றே பேரரசர் தொமிஷியன் கிட்டங்கி கட்டினார். எகிப்தின் பெரெனிகே துறைமுகக் கோயிலில், இந்தியாவில் வனைந்த பெரிய தாழி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. 408இல் ரோமை முற்றுகையிட்ட விசிகோத் தலைவன் அலரிக், விலகிப்போகக் கேட்ட பட்டியலில் தங்கம், வெள்ளி, பட்டோடு 3,000 ராத்தல் மிளகும் இருந்தது. யவனர் தங்கத்தோடு வந்து மிளகோடு திரும்பிய கதை நம் அகநானூற்றின் 149ஆம் பாட்டில் இருப்பது ஊரறிந்தது.

பிளினி வேறொரு காட்சியும் சொல்கிறார். ஒருகாலத்தில் பேரரசர் கலிகுலாவின் மனைவியாக இருந்த லொல்லியா பவுலினா, ஒரு சாதாரண நிச்சயதார்த்த விருந்துக்கு முத்தும் மரகதமும் பூட்டிக்கொண்டு வந்தாராம். தலையில், காதில், கழுத்தில், விரலில் எங்கும் கல். மதிப்பு 4 கோடி செஸ்டர்ஸ். யாராவது கேட்டால் காட்டுவதற்குப் பத்திரங்கள் தயாராக இருந்தன என்கிறார். பில்லைக் காட்டிப் பெறுகிற அந்தச் சந்தோஷம் எனக்கு விளங்குவதே இல்லை. கழுத்தில் கிடக்கும் முத்தைக் கண்ணாடி இல்லாமல் தன்னாலேயே பார்க்க முடியாது. பார்க்கிறவர்களுக்காகத்தான் அதைச் சுமக்க வேண்டும்.

இங்கே என் மனசுக்கு நெருக்கமான ஆளைச் சொல்ல வேண்டும். பெயர் கம்பாக்ஸ். பிரிட்டனின் வட எல்லையில் வின்டோலாண்டா என்றொரு ரோமானியக் கோட்டை. அங்கே ஈரமண்ணுக்குள் மட்காமல் கிடைத்த மெல்லிய மரச்சீவல் ஏடுகளில் ராணுவ முகாமின் அன்றாடக் கணக்கெல்லாம் மையால் எழுதியிருக்கிறது. கி.பி. 100ஐ ஒட்டிய காலம். ஆள் பெயரும் வாங்கிய பொருளும் காசுமாக ஓடும் ஒரு பட்டியலில் ஒரு வரி: கம்பாக்ஸ், தாப்போவின் மகன், மிளகு, இரண்டு தெனாரி.

அந்த வரியை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அவன் அரண்மனைக்காரன் இல்லை. குளிரும் சேறுமான ஒரு காவல் கோட்டையில் காலம் தள்ளிய சிப்பாய். இரண்டு தெனாரி என்றால் அவனுக்கு இரண்டு மூன்று நாள் சம்பளமாவது இருக்கும். நம் மலைச்சரிவில் கொடியில் காய்த்து, பருவக்காற்றில் கடல் தாண்டி, ஒட்டகம் ஏறி, நைல் இறங்கி, கால்பங்கு வரியும் கட்டி, பேரரசின் அந்தக் கோடி வரை போன மிளகை அவன் காசு கொடுத்து வாங்கினான். மிளகைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு யாரிடமும் காட்ட முடியாது. சாப்பாட்டில் போட்டால் தீர்ந்துவிடும், நாக்குக்கு மட்டும்தான் அது தெரியும். தேவைக்கு மேல் ஒரு பிடி சந்தோஷம் வேண்டும் என்று அவன் நினைத்ததில் என்ன தப்பு? லொல்லியா செய்ததும் கம்பாக்ஸ் செய்ததும் வேறுவேறு செலவு. ஊர் பார்ப்பதற்கு ஒன்று, தான் ருசிப்பதற்கு மற்றொன்று. நம் வீடுகளில் முதலாவதைக் கௌரவம் என்கிறோம், இரண்டாவதை ஊதாரித்தனம் என்கிறோம்.

இதனால்தான் வெண்பொங்கலில் மிளகை ஒதுக்குகிறவர்களைக் கண்டால் மனசு ஆறமாட்டேன் என்கிறது. இந்தப் பத்தியில் பலமுறை எழுதியாயிற்று, நிலைமை மாறும்வரை எழுதுவேன். நெய்யில் பொரிந்து, குழைந்த சோற்றுக்குள் ஊறிப் பருத்த முழு மிளகு, பல்லில் பட்டதும் முதலில் நெய் மணம் வரும், அடுத்து ஒரு சுரீர், பிறகு நாக்கின் அடியில் தங்கும் சூடு. அதைப் பொறுக்கி இலையோரத்தில் வரிசையாக வைத்துவிட்டு எழுந்து போகிறார்கள். வாடிக்கையாளர் ஒதுக்குகிறார்கள் என்று ஓட்டல்காரரும் எப்போதோ அரைத்துவைத்த பொடியைத் தூவிவிடுகிறார். காரம் தரும் பைப்பரின் அதில் மிஞ்சியிருக்கும். மணம் தரும் எண்ணெய்தான் காற்றோடு போயிருக்கும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக மிளகாய் வந்து சேரும்வரை நம் அடுப்பங்கரைக்குக் காரம் கொடுத்தது இந்த மிளகுதான்.

நல்ல மிளகு கிடைக்காமல் இல்லை. கொல்லிமலையில் சில்வர் ஓக் மரங்களில் கொடி ஏறிக் கிடக்கும். சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவக்கத் தொடங்கும்போது பறிப்பார்கள். உதிர்த்து வெயிலில் காயப்போட்டால் பச்சைத்தோல் கறுத்துச் சுருங்கி, ஒவ்வொரு மணியிலும் மேடும் பள்ளமும் விழும். தலைச்சேரி ரகத்தில் மணி நன்றாகப் பருத்திருக்கும். மளிகைக்கடையின் மலிவு பாக்கெட்டைவிட விலை கூடத்தான். கூடக் கொடுத்து வாங்குங்கள். அந்தக் காசில் பறித்தவரின் கூலியும் காயவைத்தவரின் கவனமும் இருக்கின்றன. தேவைப்படும்போது மட்டும் உரலில் ஒன்றிரண்டாக இடித்துப் போடுங்கள்.

மிளகுதான் என்று இல்லை. நல்ல வீணையாக இருக்கலாம், கைத்தறிப் பட்டாக இருக்கலாம், மலைப்பாதையில் ஏற ஒரு வண்டியாகவும் இருக்கலாம். கடன் வாங்காமல் தன் வருமானத்துக்குள், தனக்கு உண்மையாகப் பிடித்த ஒன்றில் உயர்ந்ததை வாங்கி முழுசாக அனுபவிக்கிறவரை யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். நாலு பேர் பார்க்க வாங்கி, பீரோவில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வதுதான் வீண்செலவு. ஆசைப்பட்டதை வாங்கினால் எடுத்து உடுத்துங்கள், வாசியுங்கள், ஓட்டுங்கள். மிளகு வந்தால் தயவுசெய்து கடியுங்கள்.