பட்டுச் சேலையில் மயில் ஏன் கோணலாகுது?

காஞ்சிபுரத்தில் வாட்ஸ்அப்பில் வந்த மயில் படத்தை டிசைன் சாஃப்ட்வேரில் திறந்தால் கோடு சிதறுது, வட்டம் முட்டையாகுது. திட்டு வாங்குவது சாஃப்ட்வேர். கோளாறோ பெரும்பாலும் ஃபைலில்தான். மூன்றைப் பாருங்கள்.

நிறம்: ஜேபிஜி படத்தில் கண்ணுக்கு ஒரே சிவப்பு, உள்ளே பல சிவப்பு. நெசவுக்கு எத்தனை நிற நூலோ, அத்தனையாகக் குறைக்கணும்.

அகலம்: ஒரு கட்டத்துக்கு ஒரு கொக்கி. 240 கொக்கி ஜக்கார்டில் 250 கட்டப் படம் உட்காராது. தானாகச் சுருக்கவிட்டால் மெல்லிய கோடுதான் முதலில் காணாமல்போகும்.

விகிதம்: அங்குலத்துக்குப் பாவு நூல் 80, ஊடை 60 என்று வைத்துக்கொள்வோம். அதைச் சாஃப்ட்வேரில் பதியாவிட்டால், திரையில் வட்டமாக இருப்பது சேலையில் நீளவாக்கில் இழுபடும்.

திரையிலேயே கவனித்தால் இது சின்ன வேலை. ஜக்கார்டு அட்டையில் துளை குத்தி, தறியில் ஏற்றிய பிறகு தெரிந்தால் அட்டையை மாத்தணும். அதுவரை தறி நிற்கும். சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் நெசவாளிக்கு அன்று வருமானம் இல்லை.

ஃபைலை அனுப்பியவர் செய்த தவறுக்கு நெசவாளி ஏன் பணம் கட்டணும்? அட்டை குத்தும் முன் சரிபார்ப்பது டிசைனரின் கடமை. தறி நின்ற நாளுக்குக் கூலி தருவது ஆர்டர் கொடுத்தவரின் கடமை.