லாரித் தண்ணீருக்கு எத்தனை அகலம்?

சேலையூரில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் சகோதரி ஒருவருக்குச் சந்தேகம். லாரித் தண்ணீருக்காக வாசலில் வட்டமாக ஒரு நிலத்தடித் தொட்டி கட்டப் போகிறார்களாம். தண்ணீர் நிற்கும் ஆழம் 7 அடி. லாரி 12,000 லிட்டர். "ஆறடி வட்டம் தாராளம்" என்கிறாராம் மேஸ்திரி. போதுமா?

போதாது, சகோதரி! 2019-ஆம் வருஷக் கோடையில் தாம்பரம், சிட்லபாக்கம் பக்கம் குடியிருந்தவர்களைக் கேளுங்கள்; காசு கொடுத்த தண்ணீர் தெருவில் ஓடினால் எப்படி இருக்கும் என்று சொல்வார்கள்.

முதலில் லிட்டரை மேஸ்திரியின் பாஷைக்குக் கொண்டு வருவோம். ஒரு கன அடி ஏறக்குறைய 28.3 லிட்டர். ஆகவே 12,000 லிட்டர் என்பது 424 கன அடி.

வட்டத்தின் பரப்புக்கு நம் பழைய 'கணக்கதிகாரம்' காட்டும் வழி, சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்குவது. ஆரத்தை ஆரத்தால் பெருக்கி, அதை 22/7-ஆல் பெருக்கு என்று பள்ளிக்கூடத்தில் சொன்னதும் இதேதான். அதை ஆழத்தால் பெருக்கினால் கொள்ளளவு. நமக்குக் கொள்ளளவு தெரியும், ஆரம்தான் தெரியாது. எனவே போன வழியே திரும்ப வேண்டியதுதான்: கொள்ளளவை ஆழத்தால் வகுத்து, 22/7-ஆலும் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும்.

7 அடி ஆழத்தில் ஒரு சௌகரியம். இரண்டு 7-களும் அடிபட்டுப் போகும்! 424-ஐ 22-ஆல் வகுத்தால் 19.27. அதன் வர்க்கமூலம் 4.39. ஆரம் 4 அடி 5 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்டம் 8 அடி 10 அங்குலம்.

மேஸ்திரியின் ஆறடியில் ஆரம் 3 அடி. மும்மூன்று ஒன்பது, 22-ஆல் பெருக்க 198 கன அடி. அதாவது சுமார் 5,600 லிட்டர். அகலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் குறைத்தார். லாரியில் பாதிகூட இறங்காது!

பல்லாவரம், திரிசூலம் பக்கத்தவர்களுக்கு வேறு தொல்லை. கடப்பாரை பாறையில் முட்டும். (கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் சமாதிக் கல்லும் இந்த இனம்தான், அதனால்தான் சார்னோக்கைட் என்று பெயர்.) 5 அடியோடு நிறுத்த நேர்ந்தால் ஆரம் 5 அடி 3 அங்குலம் வேண்டும், விட்டம் பத்தரை அடி.

இவையெல்லாம் உள் அளவு. சுவரின் கனத்தை வெளியே சேர்த்துத் தோண்டச் சொல்லுங்கள். அடித் தண்ணீர் மிச்சமிருக்கும்போதே லாரி வந்து நிற்குமானால், சேலையூர்த் தொட்டியின் ஆழத்தில் அரையடி கூட்டுங்கள். இன்னும் 860 லிட்டர் கொள்ளும்.