அந்த இரைச்சலை முழுதாக அழிக்காதீர்கள்

பழைய ஜாஸ் இசைத்தட்டுச் சேகரிப்பாளர்களைப் பற்றி எங்கள் வயதுக்காரர் சொல்லும் பகிடி ஒன்று உண்டு: "அப்பளம் பொரிக்கிற சத்தத்தைக் காசு குடுத்து வாங்கிற ஆக்கள்." எனக்கும் சிரிப்பு வரும். ஆனாலும் நான் அவர்கள் பக்கம்தான். முழுதாக இல்லை, அதையும் சொல்கிறேன்.

கிங் ஒலிவரை எடுத்துக்கொள்வோம். நியூ ஓர்லியன்ஸிலிருந்து சிக்காகோவுக்குப் போன கோர்னெட் கலைஞர். 1923 ஏப்ரல் 5, 6ஆம் திகதிகளில் அவருடைய கிரியோல் ஜாஸ் பாண்ட், இந்தியானா மாநிலத்து ரிச்மண்ட் நகரில் ஜெனெட் என்ற நிறுவனத்துக்காக வாசித்தது. இரண்டாவது கோர்னெட் 21 வயது லூயி ஆம்ஸ்ட்ரோங். அவருடைய வாசிப்பு தட்டில் ஏறியது அதுதான் முதல் தடவை.

அங்கே மைக் கிடையாது. பெரிய புனல் ஒன்றின் முன்னால் எல்லோரும் நின்று வாசிக்க, காற்றின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகுத் தட்டில் கோடு கீறும். ட்ரம்ஸைப் பலமாக அடித்தால் ஊசி துள்ளிவிடும் என்று பேபி டொட்ஸ் பெரும்பாலும் மரக்கட்டைகளைத்தான் தட்டினார். ஸ்ரூடியோவுக்குப் பக்கத்திலேயே ரயில் பாதை. ரயில் வந்தால் பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: இந்தக் கறுப்பினக் கலைஞர்களைப் பதிவு செய்த அதே நிறுவனம், காசு வாங்கிக்கொண்டு கூ குளக்ஸ் கிளானுக்கும் தட்டு அடித்துக் கொடுத்தது.

அந்தப் பதிவுகளின் மூல உலோக அச்சுகள் இன்று இல்லை. ஒலிவரின் 'சூலூஸ் போல்' இருக்கும் தட்டில் உலகத்தில் அறியப்பட்ட பிரதி ஒன்றே ஒன்று. இது விதிவிலக்கு இல்லை. பாரமவுண்ட் என்ற லேபிளை நடத்தியது விஸ்கொன்சினில் கதிரை செய்த ஒரு கொம்பனி. வியாபாரம் படுத்ததும் அச்சுகள் பழைய இரும்பு விலைக்குப் போயின. பிறகு யுத்தம். அந்தத் தட்டுகளின் முக்கிய மூலப்பொருள் அரக்கு, பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போனது. 1942இல் அமெரிக்க அரசு அரக்கைக் கட்டுப்படுத்தவே, பழைய தட்டுகளைத் திரட்டி உருக்கிப் புதியவை அடித்தார்கள். நிறுவனங்கள் குப்பையாகப் பார்த்ததை, வீடு வீடாகக் கதவு தட்டி வாங்கிக் கட்டிலுக்குக் கீழே வைத்தவர்கள் இந்த 'அப்பள' ஆக்கள்தான்.

ஆகவே ஒரு நல்ல மறுவெளியீடு என்பது பழைய கோப்பைப் புதிய உறையில் போடுவது இல்லை. 2006இல் ஒலிவரின் 1923 பதிவுகள் முழுவதையும் டேவிட் சேகர், டக் பென்சன் இருவரும் வெளியிட்டபோது, பல சேகரிப்பாளர்களிடமிருந்து நல்ல பிரதிகளை இரவல் வாங்கினார்கள். பொறியியல் படித்தவன் என்பதால் இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் உற்சாகம் கூடும், பொறுத்துக்கொள்ளுங்கள். '78' என்று நாம் சொல்லும் வேகம் அந்தக் காலத்தில் ஒரு பேச்சுக்குத்தான். ஒவ்வொரு ஸ்ரூடியோவும் தன் போக்கில் சுழற்றியது. வேகம் 6 சதவீதம் பிழைத்தால் சுருதி அரைச் சுரம் மாறிவிடும், தாளமும் இழுபடும். அந்தக் கருவிகளுக்கு வசதியான சுருதிகள் எவை என்று தெரிந்தவர்தான் சரியான வேகத்தைக் கண்டுபிடிக்க முடியும். தேய்ந்த பள்ளத்தில் தேயாத மட்டத்தைத் தொடுவதற்கு வேறு வேறு அளவு ஊசிகளைப் போட்டுப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் ஜோன் ஆர். ரி. டேவிஸ், கணினி வருவதற்கு முன்னால், ஒவ்வொரு 'டிக்' சத்தத்தையும் நாடாவில் தேடி அந்த இடத்துக் காந்தப்பூச்சை மட்டும் கையால் சுரண்டி எடுத்தார்.

இன்றைக்கு மென்பொருளில் ஒரு பொத்தான் போதும். என் சண்டை அந்தப் பொத்தானோடுதான். புனல் வழிப் பதிவில் உயர் அதிர்வெண்கள் ஏற்கெனவே சொற்பம். கிளாரினெட்டின் மூச்சும் கோர்னெட்டின் கூர்மையும் இரைச்சல் இருக்கும் அதே பட்டையில்தான் இருக்கின்றன. இரைச்சலை முற்றாக வழித்தால் அவையும் சேர்ந்து போகும். மிஞ்சுவது தலையணைக்குள் வாசித்த மாதிரி ஒரு சத்தம். மலிவான தொகுப்புகள் பலவற்றில் இதைத்தான் 'தெளிவான ஒலி' என்று விற்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு "பழைய ஜாஸ் சப்பென்று இருக்கு" என்று ஒருவர் சொன்னால், பிழை ஒலிவருடையது இல்லை.

சேகரிப்பாளர்களோடு எனக்கு ஒத்துப்போகாத இடம் வேறு. 2013இல் பாரமவுண்ட் பதிவுகள் ஓக் மரப் பெட்டியில் வந்தன. அழகான பெட்டிதான், விலை நூற்றுக்கணக்கான டொலர். உள்ளே யுஎஸ்பியில் 800 பாடல்கள். எத்தனை பேர் அந்த 800ஐயும் கேட்டிருப்பார்கள்? பெட்டியைப் பற்றிப் பேசுவோர் பேச்சில், வாசித்தவர் பெயர் கடைசியில்தான் வருகிறது.

இது புதிய பழக்கமும் இல்லை. 1936இலேயே பாரிஸில் சார்ள்ஸ் டெலோனே 'ஹொட் டிஸ்கோகிராஃபி' என்று ஜாஸ் தட்டுகளுக்குப் பட்டியல் நூல் போட்டார். சேகரிப்பு அப்போதே தொடங்கிவிட்டது. ஒலிவரோ அந்த ஆண்டுகளில் ஈறு நோயால் வாசிக்க முடியாமல், ஜோர்ஜியா மாநிலத்து சவானாவில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தில் துப்புரவு வேலை செய்தார். 1938 ஏப்ரலில் அங்கேயே இறந்தார். அவருடைய தட்டு கைமாறிய விலையில் அவருக்கு ஒரு சதமும் போகவில்லை. இதைச் சொல்லாத மறுவெளியீட்டுக் குறிப்பை நான் முழுக் குறிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஆர்க்கியோஃபோன் லேபிளின் 'சென்ரெனியல்' தொகுப்புக்கு 2025இல் கிராமி கிடைத்தபோது, சிறந்த வரலாற்றுத் தொகுப்புக்கு மட்டுமில்லாமல் குறிப்புகளுக்கும் விருது கொடுத்தார்களே, அது சரியான தீர்ப்பு.

1923 பதிவுகள் 2024 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பொதுச்சொத்து. இனி யாரும் வெளியிடலாம், குப்பையாகவும் வெளியிடலாம். அதனால் எதைக் கேட்கிறோம் என்று பார்த்துக் கேளுங்கள்: தட்டிலிருந்து ஒலியை எடுத்தவர் பெயர் போட்டிருக்கிறதா, வாசித்தவர்கள் பெயர் இருக்கிறதா, திகதி இருக்கிறதா. 'டிப்பர்மவுத் புளூஸ்' மூன்று நிமிடம்கூட வராது. ஹெட்போன் போட்டுக்கொண்டு, முதல் இருபது விநாடி அந்தப் பொரிச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் காது அதை ஒதுக்கிவிடும். பிறகு ஒலிவர் தனியாக எழுவார், அதைத் தொடர்ந்து பின்னால் ஒருவர் உற்சாகத்தில் கத்துவார். அந்தச் சத்தமும் தட்டில் இருந்ததுதான்.