தெரு யாருக்குச் சொந்தம்?

2023 ஜூன் 1-ஆம் தேதி கோவையை அடுத்த கருமத்தம்பட்டியில், அவிநாசி சாலையோரம் ஒரு ராட்சத விளம்பரப் பலகைக்கான இரும்புச் சட்டம் காற்றில் சரிந்து விழுந்தது. மேலே ஏறி வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளிகளில் மூன்று பேர் மாண்டனர். பிழைப்புக்காகச் சேலத்துப் பக்கமிருந்து வந்தவர்கள் அவர்கள்.

அதற்கு நான்காண்டுகளுக்கு முன், 2019 செப்டம்பர் 12-ஆம் தேதி, சென்னை பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் வேலையிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த 23 வயதுப் பெண் பொறியாளர் மீது, சாலை நடுவே கட்டியிருந்த கல்யாண பேனர் ஒன்று விழுந்தது. அவர் நிலைகுலைந்து கீழே விழ, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அன்றைய ஆளும் கட்சிப் பிரமுகர் ஒருவர் தம் வீட்டுக் கல்யாணத்துக்காக வைத்த பேனர் அது. அனுமதி கிடையாது.

2024 மே 13-ஆம் தேதி பம்பாய் காட்கோபரில் பெட்ரோல் பங்க் மீது ஒரு பலகை சாய்ந்தது. 17 பேர் மாண்டனர். எழுபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். மாநகராட்சி விதிப்படி உச்ச அளவு 40 அடிக்கு 40 அடி. நின்றதோ 120 அடிக்கு 120 அடி. அதாவது, விதி அனுமதித்த பரப்பைப்போல் ஒன்பது மடங்கு! பட்டப்பகலில், பல லட்சம் பேர் பார்க்க நின்றது அது. அதிகாரிகளின் கண்ணுக்கு மட்டும் தென்படவில்லை போலும்.

இவற்றை விபத்து என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். நாம் கேட்கிறோம்: காற்று அடிப்பது விபத்தா? கோடை மழைக்கு முன் சூறைக்காற்று வீசும் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அந்தக் காற்றைத் தாங்காத சட்டத்தை நடமாடும் சாலையில் நிறுத்தியது யார்? நிறுத்த விட்டது யார்? இதுதான் கேள்வி.

சட்டம் இல்லாமலா போயிற்று? இருக்கிறது, வண்டி வண்டியாக இருக்கிறது. பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதற்கு எதிராக 1959-லேயே சட்டம் செய்தார்கள். டிஜிட்டல் பேனர்களுக்கென்று 2011-ல் தனி விதிகள் வந்தன. பேனரின் அடியில் அனுமதி எண், தேதி, அச்சிட்டவர் பெயர் எல்லாம் இருக்க வேண்டும் என்பது விதி. 2018 டிசம்பரில் சென்னை ஹைகோர்ட் அரசியல் கட்சிகள் பேனர் வைப்பதற்கே தடை போட்டது. ஒன்பது மாதம்கூட ஆகவில்லை, பள்ளிக்கரணையில் உயிர் போயிற்று.

அதற்குப் பிறகாவது புத்தி வந்ததா? இடைக்கால நஷ்ட ஈடாக 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது கோர்ட். கட்சிகள் எல்லாம் இனி பேனர் வைக்க மாட்டோம் என்று அறிக்கை விட்டன. ஆனால் மூன்றே வாரத்தில், மாமல்லபுரத்துக்கு வரும் சீன அதிபரையும் பிரதமரையும் வரவேற்கப் பேனர் வைக்கவேண்டும் என்று சர்க்காரே அதே கோர்ட்டின் படியேறியது! விதியைக் கடைப்பிடித்தால் போதும், சர்க்கார் தனியாகக் கேட்க வேண்டியதில்லை என்று கோர்ட் சொல்லிவிட்டது. ஒரு வீட்டில் துக்கம் ஆறுமுன்னே அலங்காரத்துக்கு அவசரம் வந்துவிட்டது. அதிகார வர்க்கத்தின் மனப்பான்மைக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

கல்யாணப் பேனர் ஒரு நாள் கூத்து. ஆண்டு முழுதும் நிற்கும் இரும்புப் பலகையோ ஒரு பெரிய வியாபாரம். சரக்கு விற்கும் கம்பெனி ஒன்று, இடம் பிடித்துக் கொடுக்கும் விளம்பர ஏஜென்சி ஒன்று, அதன்கீழ் கண்டிராக்டர், அவன்கீழ் மேஸ்திரி, எல்லோருக்கும் அடியில், ஆனால் எல்லோருக்கும் மேலே அறுபது அடி உயரத்தில், தினக்கூலித் தொழிலாளி. லாபம் கீழிருந்து மேலே போகிறது. ஆபத்து வரும்போது மட்டும் மேலேயிருந்து கீழே விழுகிறது. கேஸ் போட்டாலும் அகப்படுபவன் பெரும்பாலும் மேஸ்திரியோ கண்டிராக்டரோதான்.

அனுமதி கொடுப்பது யார் என்பதிலும் குழப்பம். காட்கோபரில் பலகை நின்ற நிலம் ரயில்வே போலீஸ் வசம் இருந்தது. அனுமதியும் அவர்கள் கொடுத்ததே. எங்களிடம் அனுமதி வாங்கவில்லை என்று கைவிரித்தது மாநகராட்சி. உயர் போலீஸ் அதிகாரி ஒருவர் சஸ்பெண்ட் செய்யப்பட்டதெல்லாம் பதினேழு பிணங்கள் விழுந்த பிற்பாடு. நிலம் எந்த இலாகாவுக்குச் சொந்தமாயிருந்தால் என்ன? பலகை விழுவது ஜனங்கள் தலையில்தானே!

இதே தெருவில் இன்னொரு காட்சியும் உண்டு. நடைபாதையில் கூடை வைத்துக் கீரை விற்கும் தாயைப் பாருங்கள். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் அவளுக்குப் பாதுகாப்பு தருகிறது. கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்க வேண்டும், அதுவரை அகற்றக்கூடாது என்கிறது. ஆனாலும் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று அவள் கூடையைத் தூக்கி லாரியில் எறிகிறார்கள். அதே நடைபாதையைக் குடைந்து நிற்கும் இரும்புத் தூண் யாருக்கும் இடைஞ்சல் இல்லையாம்! கூடைக்கு ஒரு நீதி, தூணுக்கு ஒரு நீதியா?

நகரசபைகளின் கையைக் கட்டிப்போட்டவர்கள் டில்லியிலும் இருக்கிறார்கள். விளம்பரத்தின் மீது வரி போடும் அதிகாரம் அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் இருந்தது. ஜி.எஸ்.டி.க்காக 2016-ல் செய்த திருத்தம் அதை அடியோடு எடுத்துவிட்டது. வரி போயிற்று; மிஞ்சியது லைசென்ஸ் கட்டணமும் வாடகையும். பணமில்லாத நகரசபை, காசு வந்தால் போதும் என்று இன்னும் நாலு பலகைக்கு இடம் கொடுக்கத்தானே ஆசைப்படும்?

பலகையைக் கட்டுப்படுத்தினால் பிழைப்புப் போகும் என்று சிலர் கண்ணீர் வடிக்கிறார்கள். கையால் போர்டு எழுதிப் பிழைத்த ஓவியர்களின் பிழைப்பைப் பிளெக்ஸ் மிஷின் பறித்தபோது இந்தக் கண்ணீர் எங்கே போயிருந்தது? விதிக்கு உட்பட்ட சின்ன போர்டுக்கும் கடைப் பெயர்ப் பலகைக்கும் யாரும் தடை கேட்கவில்லை. ஏழைகள் தங்கள் கூட்டத்துக்கு ஒட்டும் நோட்டீஸ் வேறு. ஆளைக் கொல்லும் இரும்பு மலை வேறு. முன்னதன் மீது பாயும் சட்டம் பின்னதைக் கண்டு பதுங்கக்கூடாது. கட்சிகளின் பேனர்களுக்கும் வளைவுகளுக்கும் இதே விதிதான். நம் கட்சி உட்பட எந்தக் கட்சிக்கும் விலக்கு வேண்டியதில்லை.

முடியாது என்பவர்கள் பிரேசில் நாட்டு சாவோ பாவ்லோ நகரத்தைப் பார்க்கட்டும். ஒரு கோடிக்கு மேல் ஜனங்கள் வாழும் நகரம் அது. 2006-ல் சட்டம் செய்து, 2007 முதல் வெளிப்புற விளம்பரப் பலகைகளையே அகற்றினார்கள். கடைப் பெயர்ப் பலகைக்கும் முகப்பின் அகலத்துக்கேற்ப அளவு வைத்தார்கள். விளம்பரக் கம்பெனிகள் கூச்சல் போட்டன, கோர்ட்டுக்கும் போயின. நகரம் பாழாகிவிடவில்லை. பலகைகள் மறைத்திருந்த குடிசைப் பகுதிகள்தான் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தன!

ஆகவே நாம் கோருவது இவைதான்:

ஒவ்வொரு பலகையிலும் அனுமதி எண்ணும், காலக்கெடுவும், பொறுப்பாளி பெயரும் தெருவில் போகிறவன் படிக்கும் அளவில் இருக்க வேண்டும். அனுமதி பெற்ற பலகைகளின் பட்டியலை வார்டுவாரியாகப் பகிரங்கமாக ஒட்ட வேண்டும். பட்டியலில் இல்லாதது அன்றே இறங்க வேண்டும். ரயில்வே, போலீஸ், தனியார் என்று யார் நிலமானாலும் நகரசபையின் அனுமதியும் பொறியாளர் சான்றும் கட்டாயமாக்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன் ஆண்டுதோறும் சோதனை வேண்டும். மேலே ஏறும் தொழிலாளிக்குப் பாதுகாப்பு பெல்ட்டும் இன்ஷூரன்சும் இல்லாமல் வேலை நடக்கக்கூடாது. உயிர் போனால் கண்டிராக்டரோடு நிற்காமல், விளம்பரக் கம்பெனியும் கண்ணை மூடிக்கொண்ட அதிகாரியும் பதில் சொல்ல வேண்டும்.

இவை ஆகாயத்துப் பூக்கள் அல்ல. பெரும்பகுதி ஏற்கெனவே ஏட்டில் உள்ளவை. ஏட்டில் உள்ளதைத் தெருவுக்குக் கொண்டுவர மக்கள்தான் முன்வர வேண்டும். உங்கள் வார்டில் நிற்கும் பலகைகளை எண்ணுங்கள். எதற்கு அனுமதி, எவ்வளவு நாளைக்கு என்று கவுன்சிலரைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் கூட்டம் கூட்டமாக நகரசபைக்குப் போய்க் கேளுங்கள். தெரு நடக்கிறவனுக்குச் சொந்தம். அடுத்த காற்று வீசுமுன் அதை நிலைநாட்டியாக வேண்டும்.